சுப்பையன் கேட்ட பத்து

ராஜரத்தினத்தின் வீட்டு முன்கதவைத் திறந்தால் மணி அடிக்கும். லேசாக அல்ல, கதவைத் திரும்ப மூடுகிறவரைக்கும் விடாமல் அடிக்கும். பெண்டாட்டி ருக்மணி குப்பை கொட்டப் போனால் மணி, மீன்காரர் குரல் கொடுத்தால் மணி, ராஜரத்தினம் சைக்கிளை உள்ளே தள்ளினால் மணி. மலாக்காவில் காஜா பெராங் சடக்கு என்கிற சாலையிலிருந்து ஒதுங்கிப் போகும் அந்தச் சந்தில் எட்டு வீடுகள். எட்டு வீட்டுக்காரர்களும் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள். வயர்மேன் வீட்டில் எந்நேரமும் தீபாராதனைதான் என்பார் ஒருவர். சாமி யாரென்றுதான் தெரியவில்லை என்பார் இன்னொருவர்.

சாமி யாரென்று எல்லோருக்கும் தெரியும். ராஜரத்தினத்தின் அக்கா பூங்காவனம்.

பூங்காவனத்துக்குப் புத்தி சரியில்லை என்று யாராவது சொன்னால் ருக்மணி சண்டைக்கே போய்விடுவாள். அவள் சொல்வதும் நியாயம்தான். பாசாரில் கங்கோங் கீரைக்கும் கெம்போங் மீனுக்கும் மலாயில் பேரம் பேசி வாங்கி வருகிறவள், இறால் பெலாச்சான் இடித்து சம்பால் துவையல் அரைத்தால் நாலு வீட்டுக்கு நாக்கு ஊற வைக்கிறவள், அவளையா புத்தி சரியில்லை என்பது? ஒரே ஒரு விஷயத்தில்தான் கோளாறு. காலையில் வெயில் ஏறிக் குளியலறைத் தொட்டியைத் தொடும் நேரத்தில் தலையை வாரி முடிந்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு பழைய ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுவிடுவாள். புருஷன் ரயிலில் வருவான், கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஸ்டேஷன் கட்டடம் இருந்தது. ரயில்தான் இல்லை. மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன தண்டவாளத்தை ஜப்பான்காரன் காலத்திலேயே பிடுங்கி சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிடுங்கிய கூலிகளில் பூங்காவனத்தின் புருஷன் பொன்னுதுரையும் ஒருவன். பிடுங்கி முடித்ததும் ஆட்களையும் தண்டவாளத்தோடேயே ஏற்றி அனுப்பினார்கள். போகிறபோது அவன் சொன்னானாம், ரயிலில்தான் போகிறேன், ரயிலில்தான் வருவேன் என்று. போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் யாருக்கும் பொன்னுதுரையைப் பற்றி நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை.

ரொம்ப வருஷம் அவள் தானாகப் போய்த் தானாக வந்துகொண்டிருந்தாள். புல் முளைத்த மேடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இன்னிக்கி வண்டி இல்லியாம்" என்று சொல்லிக்கொண்டே வந்து உலை வைப்பாள். ஐம்பத்தேழாம் வருஷம் பிறந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஒருநாள் தண்டவாளம் கிடந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாங்கட்டை, அதாவது இரண்டாவது மைல் வரைக்கும் நடந்துவிட்டாள். இன்னொரு நாள் ஏதோ பஸ் ஏறி புக்கிட் ரம்பாயில் போய் இறங்கி, ஒரு மலாய்க்காரர் கடையில் இங்கே ஸ்டேஷன் எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் நல்ல மனுஷன், காப்பி கொடுத்து உட்காரவைத்து ஆளோடு திருப்பி அனுப்பினார்.

வெளியே பூட்டுப் போட்டுவிடு என்று சந்து முழுக்கச் சொன்னது. ஒரே ஒரு நாள் போட்டார்கள். பூங்காவனம் கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

"இந்தப் பாவம் எனக்கு வேணாங்க," என்றாள் ருக்மணி. "அண்ணி என்ன ஆடா மாடா, கட்டிப்போட? அவங்க கதவத் தொறந்தா எனக்குத் தெரியணும், அவ்ளோதான். தெரிஞ்சா நானே கூடப் போயி கூட்டிட்டு வந்துருவேன்."

ராஜரத்தினம் வயர்மேன். கம்பி இழுப்பதும் கடைகளுக்கு மணி போடுவதும்தான் அவன் பிழைப்பு. கதவு நிலையில் இரண்டு பித்தளைத் தகடுகளை வைத்து, கதவு மூடியிருந்தால் விலகியிருக்கவும் திறந்தால் ஒட்டிக்கொள்ளவும் செய்தான். மணியை அடுப்படிச் சுவரில் மாட்டினான். மிச்சமிருந்தது ஒன்றுதான்: மணிக்கு உயிர் எங்கிருந்து கொடுப்பது?

"மெயின்லேர்ந்து குடுத்துருங்களேன்," என்றாள் ருக்மணி. "லைட்டு எரியுது, மணி அடிக்காதா?"

"அடிக்கும். மழ பேஞ்சா இந்தச் சந்துல கரண்ட் நிக்குதா? மழ வந்தா அக்கா வீட்லயே இருந்துருமா? அது கொடையெல்லாம் வெச்சிருக்குல்ல."

"அப்ப பேட்டரியா?"

"பேட்டரிக்கு மழையாவது வெயிலாவது."

அப்படித்தான் இரண்டு உருண்டைப் பேட்டரிகள் வந்தன. முக்கால் சாண் உயரம், தலையில் திருகுமரை வைத்தவை. ஒரு காலி ரொட்டி டின்னில் இரண்டையும் நிறுத்தி, கதவோரம் தரையில் வைத்தான். மூடி போடவில்லை, பேட்டரியின் தலை டின்னுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததால் மூடி உட்காரவில்லை. அப்புறம் ஒரு மரப்பெட்டி செய்யலாம் என்று நினைத்தான். வெளி வேலை செய்கிறவன் வீட்டு வேலைக்கு எப்போதும் வைத்திருக்கும் வார்த்தை, அப்புறம்.

மணி முதன்முதல் அடித்த அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சுப்பையனும் ஒருவன். சந்தின் அந்தப் பக்கம், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டி தொடங்குகிற இடத்தில் முதல் வீடு அவனுடையது. செட்டிகள் நானூறு ஐந்நூறு வருஷத்து மலாக்காவாசிகள். சாமி நம் சாமி, பேர் நம் பேர், பேச்சு மட்டும் மலாய். நடுவில் நாலு தமிழ் வார்த்தை மிதக்கும். சுப்பையன் டின்னுக்குள் எட்டிப் பார்த்து, "வாஹ், பத்து பெசார்!" என்று வாயைப் பிளந்தான்.

"ரெண்டுதானய்யா இருக்கு, பத்துங்கிற?" என்றாள் ருக்மணி.

ராஜரத்தினம் சிரித்துவிட்டான். மலாயில் பத்து என்றால் கல். சடக்கோரத்து மைல்கல்லும் பத்துதான், டார்ச் லைட்டில் போடுகிற பேட்டரியும் பத்துதான். எவ்வளவு பெரிய பேட்டரி என்றுதான் சுப்பையன் வாயைப் பிளந்தான். விஷயம் புரிந்ததும் ருக்மணியும் சிரித்தாள், சுப்பையனும் சிரித்தான். எதற்கென்று தெரியாமல் பூங்காவனமும் சேர்ந்துகொண்டாள். இரண்டு நாள் வரைக்கும் அந்த வீட்டில் யார் எதை எண்ணினாலும் சிரிப்பு வந்தது.

போகிறபோது சுப்பையன் தன் ரேடியோவைப் பற்றிக் கேட்டான். அவன் வீட்டில் கரண்ட் இல்லை, பேட்டரி ரேடியோ. அதற்குள் செங்கல் மாதிரி ஒரு பெரிய பேட்டரியும், கூடவே சின்னதாக ஒன்றும் இருக்கும். அந்தச் சின்னது அடிக்கடி தீர்ந்துபோகும். "சின்னது தீந்தா இந்த மாதிரி ஒண்ண வெளியில வெச்சி வயர் இழுத்துக்க, மாசக்கணக்குல ஓடும்," என்று ராஜரத்தினமே சொல்லிக்கொடுத்தான்.

ஜூன் மாசம் அலாவுதீன் முதலாளியின் நகைக்கடையில் வேலை வந்தது. அவருடைய தாத்தா நாகூரிலிருந்து கப்பலேறி வந்து தொடங்கிய கடை. மார்பில் குத்துகிற குரோசாங் ஊசி, இடுப்புப் பட்டையில் மாட்டுகிற பெண்டிங், பேராணாக்கன் என்கிற உள்ளூர்ச் சீனர் வீட்டுக் கல்யாணச் சாமான் எல்லாம் பின்னறையில். முன்கதவு, பின்கதவு, பின்னறைக் கதவு மூன்றுக்கும் மணி வேண்டும் என்றார். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

"கரண்ட எங்கேர்ந்து எடுக்கப் போறே தம்பி? மெயின்லயே குடுத்துரேன்."

"மெயின திருடன் வெளியில வெச்சே வெட்டிருவான் மொதலாளி. சுவத்துலதான தொங்குது."

"அப்ப பேட்டரி."

"பேட்டரி என்னிக்கி சாவும்னு யாருக்குத் தெரியும்? செத்துட்டா சத்தமில்லாம கெடக்கும். கதவு தெறந்தா மணி அடிக்கும்னு நாம நம்பிக்கிட்டிருப்போம். அது எப்பவோ செத்துப் போயிருக்கும்."

"அதுவும் வேணாம் இதுவும் வேணாமுன்னா, நா கடையிலயே படுத்துக்கவா?"

ராஜரத்தினம் சிரித்துக்கொண்டு, கல்லாப் பலகையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினான். பேட்டரி ஒன்றல்ல, இரண்டு. முதல் பேட்டரியின் கரண்ட் மூன்று கதவையும் சுற்றி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம் ரிலே என்கிற காந்தச் சுவிட்சின் நாக்கைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும். கதவைத் திறந்தால் ஓட்டம் அறுந்துபோகும், நாக்கு விழும், இரண்டாவது பேட்டரி மணியை அடிக்கும். கம்பியை வெட்டினாலும் அப்படித்தான். இரண்டாவதாக வைப்பது காடிக்கு, அதாவது மோட்டார் காருக்குப் போடுகிற பேட்டரி. மெயினிலிருந்து அது தினமும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

"மொத பேட்டரி செத்துப் போனா?"

"செத்தாலும் ஓட்டம் நின்னுரும்ல? மணி அடிக்கும். நா செத்துட்டேன்னு அதுவே சொல்லிரும்."

அலாவுதீன் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "காவல்காரனுக்கே ஒரு காவல் வெச்சிருக்கே. போடு தம்பி," என்றார்.

ரிலேயை வாங்கும்போது ராஜரத்தினம் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினான். இரண்டாவது வீட்டுக்கு. வீட்டில் போட்டிருப்பது எந்த வகை மணி என்று அவனுக்குத் தெரியாதா? செத்தால் சத்தமில்லாமல் கிடக்கிற வகை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளினிக்கில் வேலை வந்தது. ரிலே காகிதச் சுற்றுக் கலையாமல் அவன் சாமான் பெட்டியில் கிடந்தது.

அதோடு, அவசரமும் இல்லாமல் போய்விட்டது. அதற்குக் காரணம் அவன் வாய்தான்.

ஜூலையில் ஒருநாள் உச்சி வெயிலில் அக்காவை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தான். ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஆகஸ்ட் முப்பத்தொன்று, மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை. அது வந்தால் அதைச் செய்வார்கள், இதைத் திறப்பார்கள். பூங்காவனம் வழக்கம்போலக் கேட்டாள்.

"தண்டவாளம் எப்ப போடுவாங்க தம்பி?"

களைப்பாக இருந்தது அவனுக்கு. கிளினிக் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"மெர்டேக்கா வரட்டும்க்கா. மெர்டேக்கா வந்தா ரயிலும் வந்துரும். அதுவரைக்கும் நீ அலையாத, வீட்ல இரு."

"மெர்டேக்கா என்னிக்கி?"

"அடுத்த மாசம் கடைசியில."

பூங்காவனம் நின்று, குடையைச் சாய்த்து அவன் முகத்தைப் பார்த்தாள். "அத மொதல்லயே சொல்லியிருந்தா நா ஏன் இப்படி வெயில்ல வரப்போறேன்?" என்றாள்.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. செருப்பு மூலையில் கிடந்து தூசி படிந்தது. ருக்மணியால் நம்ப முடியவில்லை. என்ன மந்திரம் போட்டீங்க என்று கேட்டாள். ராஜரத்தினம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கி என்ன செய்வீங்க?"

"அன்னிக்கி பாத்துக்கலாம். அதுக்குள்ள மறந்துரும்."

முப்பத்தொன்றாம் தேதி காலையில் பூங்காவனம் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தலைக்குக் குளித்திருந்தாள். மாம்பழ நிறச் சேலை, காதுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து மல்லிகை. பசியாற உட்கார்ந்த ராஜரத்தினத்துக்குத் தோசை வைத்துக்கொண்டே, "மெர்டேக்கா இன்னிக்கித்தான தம்பி?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டு நின்றவர் அலாவுதீன் முதலாளியின் மருமகன். கடை மணி அரைமணி நேரமாக அடிக்கிறது, கதவெல்லாம் மூடித்தான் இருக்கிறது, மாமு உடனே வரச்சொன்னார் என்றார்.

"ஆமாக்கா, இன்னிக்கித்தான்," என்று சொல்லிக்கொண்டே ராஜரத்தினம் கையைக் கழுவினான். என்ன சொன்னோம் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தது மணியைத்தான்.

தூறலில் சைக்கிளை மிதித்தான். சடக்கெல்லாம் கொடி, தோரணம், பள்ளிப் பிள்ளைகள். கடையில் முதல் பேட்டரி தீர்ந்திருந்தது. அவ்வளவுதான். புதிதை மாட்டினான், ரிலே நாக்கை இழுத்துக்கொண்டது, மணி நின்றது. ராஜரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா மொதலாளி, அன்னிக்கே சொன்னேன்ல? செத்துட்டேன்னு அதுவே கூப்பிட்டுச் சொல்லுது பாருங்க."

"அது கெட்டிக்காரப் பேட்டரிதான். உக்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

கடையின் ரேடியோவில் கோலாலம்பூரிலிருந்து விழா ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் மெர்டேக்கா என்று முழங்க முழங்க அலாவுதீனுக்குக் கண் கலங்கியது. ராஜரத்தினத்துக்கும் உள்ளே ஏதோ பொங்கியது. டீயும் பீசாங் கோரெங் வாழைப்பழ பஜ்ஜியுமாக, அவசரமில்லாமல் இருந்துவிட்டுத்தான் கிளம்பினான். அந்த டீயைப் பின்னால் எத்தனையோ தடவை அவன் நினைத்துக்கொண்டான். குடிக்காமல் கிளம்பியிருந்தால்கூட ஸ்டேஷன் பாதையில் அவளைப் பிடித்திருக்கலாம்.

வீடு வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. மணி அடிக்கவில்லை.

கதவைத் தள்ளினான். அப்போதும் அடிக்கவில்லை. ரொட்டி டின்னில் ஒரு பேட்டரி மட்டும் நின்றது. இன்னொன்று இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன.

"ருக்கு! அக்கா எங்க?"

அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். "பின்னால இருப்பாங்க. புதுச் சேல கட்டிக்கிட்டு..."

"யாரு வந்தா இங்க?"

"யாரும் வரலியே. சுப்பையன்தான் வந்தான். அவங்க வீட்டு விருந்துக்கு நேத்தே பிங்கான் தட்டு கேட்டாங்க, எத்தனன்னு அப்புறம் சொல்றேன்னாங்க. நா வெங்காயம் தாளிச்சிக்கிட்டிருந்தேன். வாசல்லேர்ந்தே, 'அக்கா, பத்து வேணும், பெத்தாங் தர்றேன்'னான். சாயங்காலம் திருப்பித் தர்றதுக்குத்தான, எடுத்துக்கய்யா, அங்க வாசல்கிட்டதான் இருக்குன்னேன். மணியும் நின்னுச்சு. சரி, கதவச் சாத்திட்டுப் போயிட்டான்னு..."

ராஜரத்தினம் திரும்பிப் பார்த்தான். வாசலுக்கு இந்தப் பக்கம் கூடையில் ருக்மணி கழுவி அடுக்கியிருந்த பிங்கான் தட்டுகள். அவன் குனிந்து எண்ணினான். எதற்கு எண்ணுகிறோம் என்று தெரிந்தேதான் எண்ணினான். இருபத்து நாலு. வீட்டிலிருந்ததே இருபத்து நாலுதான்.

"அவன் கேட்டது பத்து தட்டு இல்ல ருக்கு," என்றான். "பத்து."

ருக்மணி அவனைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள். மூலையில் செருப்பு இல்லை, குடை இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்ததும் மணி அடித்திருக்கிறது. சுப்பையன் பேட்டரியைக் கழற்றியதும் மணி நின்றிருக்கிறது. மணி நின்றால் கதவு மூடியாயிற்று என்பதுதான் ஐந்து மாசமாக அந்த வீட்டின் கணக்கு.

சுப்பையன் வீட்டு வாசலில் முப்பது பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின்மேல், கம்பி இழுத்து, அந்த உருண்டைப் பேட்டரி நின்றது. "ராஜு! மாரி, மாரி!" என்று வரச்சொல்லி சுப்பையன் கையைப் பிடித்து இழுத்தான். காலையில் சின்னப் பேட்டரி தீர்ந்துவிட்டது, கடையெல்லாம் பூட்டு, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே இழுத்துவிட்டேன், ருக்மணி அக்காவிடம் கேட்டுத்தான் எடுத்தேன் என்றெல்லாம் மலாயில் சொல்லிக்கொண்டே போனவன், ராஜரத்தினத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"எங்கக்காவப் பாத்தியா?"

சுப்பையன் பேட்டரியைப் பார்த்தான். போய் ரேடியோவின் கம்பியைப் பிடுங்கினான். பேண்டு பாதியில் நின்றது. கூட்டம் கூச்சல் போட்டது.

ஸ்டேஷன் எதிரில் காப்பிக்கடை வைத்திருந்த சீனர் அவளைப் பார்த்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தாள், சிரித்த முகமாக இருந்தாள். மேடையில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கொடி பிடித்துக்கொண்டு போன ஒரு கும்பல் அவளுக்கும் ஒரு சின்னக் காகிதக் கொடியைக் கொடுத்து, மெர்டேக்கா என்று கத்தச் சொன்னது. அவளும் கத்தினாளாம். அப்புறம் தம்பின் பக்கமாகப் பழைய மேட்டில் ஏறி நடந்தாளாம்.

சாயங்காலம் போலீஸ் பாலாயில் இருந்த மாத்தா-மாத்தா என்கிற போலீஸ்காரருக்குத் தகவல் வந்தது. மாடு மேய்க்கிற ஒருவர் பார்த்திருக்கிறார், குடை பிடித்த கெலிங் அம்மா, அதாவது தமிழ்ப் பெண், தனியாக.

"எங்க?" என்று கேட்டான் ராஜரத்தினம்.

"பத்து எம்பாட்," என்றார் அவர். நாலாங்கட்டை.

அதற்கப்புறம் தகவல் இல்லை.

தேடாத இடமில்லை. அலாவுதீன் முதலாளி தன் காடியை எடுத்துக்கொண்டு தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் நாலு தடவை கூட்டிப்போனார். அங்கே நிஜ ரயில் வந்தது, போனது. இறங்கிய முகங்களையும் ஏறிய முகங்களையும் பார்த்துக்கொண்டு நின்றான் ராஜரத்தினம். பால்மர ரப்பர்க் காடுகளில் சுப்பையனும் அவன் ஆட்களும் நாள் கணக்கில் நடந்தார்கள். ஆஸ்பத்திரி, கோயில், எஸ்டேட் லயங்கள் எல்லாம் பார்த்தார்கள். செத்தாள் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறாள் என்று சொல்லவும் ஆளில்லை.

நாலாவது தடவை திரும்பி வரும்போது அலாவுதீன் காடியை ஓட்டிக்கொண்டே, மனசில் ஒன்றும் வைக்காமல் கேட்டார்.

"ஏந்தம்பி, எங்கடைக்கிப் போட்டியே, அந்த மாதிரியே வீட்டுக்கும் போட்டிருந்தியா?"

ராஜரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த மாதிரி போட்டிருந்தால், சுப்பையன் பேட்டரியில் கை வைத்த நிமிஷமே மணி கத்தியிருக்கும். குரோசாங் ஊசிக்குக் காவலுக்குக் காவல் வைத்தவன், கூடப் பிறந்தவளுக்கு ஒரு ரொட்டி டின்னை வைத்தான்.

வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைந்துபோயிற்று. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்த ருக்மணி திடீரென்று சொன்னாள்.

"நாந்தான் எடுத்துக்கன்னேன்."

"நாந்தான் ரயில் வரும்னேன்," என்றான் அவன்.

அதற்குமேல் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட எதுவும் மிச்சமில்லை. ஆறுதல் சொல்லவும் ஒன்றுமில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ராஜரத்தினம் சாமான் பெட்டியைத் திறந்து அந்த ரிலேயை எடுத்தான். காகிதத்தைப் பிரித்தான். கதவு நிலையில் தகடுகளைக் கழற்றி வேறு மாதிரி பூட்டினான். மூடி போட்ட மரப்பெட்டி செய்தான். முதல் பேட்டரி, காடிப் பேட்டரி, அதற்குச் சார்ஜர், எல்லாம் நகைக்கடையில் போட்டதைவிடச் சுத்தமாக. ருக்மணி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இது எதுக்குங்க?"

"வந்தா தெரியணும்ல," என்றான்.

அன்றிலிருந்து கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை. யார் தள்ளினாலும் திறக்கும், திறந்தால் அடிக்கும். சந்தில் யாரும் இப்போது கேலி செய்வதில்லை.

மாசம் ஒருமுறை சுப்பையன் ஒரு புதுப் பேட்டரியைக் கொண்டுவந்து கொடுப்பான். எவ்வளவு சொன்னாலும் நிறுத்தவில்லை. வாசலிலேயே நின்று, காகிதத்தில் சுற்றியதை நீட்டி, "பே... ட்ரி" என்பான். அந்த வீட்டு வாசலில் பத்து என்ற வார்த்தை அதற்குப் பிறகு அவன் வாயில் வரவே இல்லை.

மூன்று வருஷம் ஆயிற்று. இப்போதும் ஐந்து வாரத்துக்கோ ஆறு வாரத்துக்கோ ஒருமுறை, சோறு வடிக்கிற நேரத்திலோ மழை பெய்துகொண்டிருக்கும்போதோ, மூடின கதவு மூடினபடியே இருக்க மணி அடிக்கும். முதல் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது ராஜரத்தினத்துக்குத் தெரியாததா? மாட்டின தேதியைப் பேட்டரியின்மேல் அவனே பென்சிலால் எழுதி வைக்கிறான். மணி அடித்தால் முதலில் பெட்டியைத் திறந்து பேட்டரியைப் பார்க்க வேண்டும், அதுதான் தொழில். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லித் தருகிறான்.

அவன் முதலில் போவது கதவுக்குத்தான். திறந்து, படியிறங்கி, சந்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்ப்பான். மழையாக இருந்தால் நனைந்துகொண்டே பார்ப்பான். உள்ளே மணி அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே அடுப்படியிலிருந்து ருக்மணி குரல் கொடுப்பாள்.

"அண்ணியா?"

அவன் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் சொல்வான்.

"இல்ல ருக்கு. பேட்டரி."